கத்தியின் கூர் எங்கே இருக்கிறது?

தக்காளியை நறுக்கும்போது தோல் அறுபடாமல் சாறு பிதுங்கினால், "கத்தி போயிடுச்சு" என்று சொல்லிப் புதுக் கத்தி வாங்கிவிடுகிறோம். சில மாதங்களில் அதுவும் அதே நிலைக்கு வரும். "இப்ப வர்ற ஸ்டீல் எதுவும் சரியில்ல, எங்க பாட்டி வச்சிருந்த இரும்புக் கத்தி எப்படி இருக்கும் தெரியுமா" என்று பேச்சு திரும்பும். சமையல் பற்றி எழுதுபவர்களும் கத்தி விற்பவர்களும் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில்லை. விலை உயர்ந்த கத்தி என்றால் கூர், மலிவான கத்தி என்றால் மொக்கை என்ற எண்ணத்தை வளர்க்கவே செய்கிறார்கள்.

கூர்மை என்று நாம் சொல்வதற்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. கத்தியின் ஓரம் எவ்வளவு மெல்லியது என்பது ஒன்று. அந்த ஓரத்திலிருந்து மேலே போகப் போக அலகு எந்தச் சரிவில் தடிக்கிறது என்பது இன்னொன்று. இந்த வடிவம் எத்தனை நாள் குலையாமல் நிற்கும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் வடிவம் பற்றியவை, மூன்றாவதில்தான் உலோகம் வருகிறது. கூர் என்பது வடிவம் என்று புரிந்துவிட்டால், சமையலறையில் கிடக்கும் மழுங்கிய கத்திகளில் பெரும்பாலானவற்றை நாமே மீட்டுவிடலாம்.

## ஓரம் என்பது ஒரு முகடு

ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சரிந்த ஓடுகள் மேலே ஒரு கோட்டில் சந்திக்கின்றன. அதுதான் முகடு. கத்தியைக் கூர் மேலே இருக்கும்படி திருப்பிப் பிடித்தால் அதுவும் ஒரு கூரைதான். இரண்டு சரிவுகள் சந்திக்கும் அந்த முகட்டுக் கோட்டைத்தான் இந்தக் கட்டுரையில் விளிம்பு என்று சொல்கிறேன்.

காகிதத்தில் வரைந்தால் முகடு ஒரு கோடு, அகலமே இல்லாதது. உண்மையான இரும்பில் அப்படி வராது. எவ்வளவு தீட்டினாலும் உச்சி கொஞ்சம் உருண்டுதான் இருக்கும். அந்த உருட்சியை அளக்க மைக்ரான் என்ற அளவு வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான். நன்றாகத் தீட்டிய சமையல் கத்தியின் விளிம்பு ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருக்கும், புது சவர பிளேடில் அதைவிடப் பல மடங்கு மெல்லியதாக இருக்கும். தக்காளியில் வழுக்கும் கத்தியில் அது பல மைக்ரானாகப் பெருத்திருக்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கத்தியைக் கூர் மேல்பக்கமாக இருக்கும்படி டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்து, முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கூரான இடத்தில் விளிம்பு தெரியவே தெரியாது, ஏனென்றால் வெளிச்சம் பட்டுத் திரும்ப அங்கே அகலமே இல்லை. மழுங்கிய இடத்தில் வெள்ளை நூல் ஓடியதுபோல் ஒரு கோடு மின்னும். பொதுவாக அலகின் நடுப்பகுதியிலும் நுனிக்குச் சற்று முன்னாலும்தான் அந்தக் கோடு தடிமனாகத் தெரியும். நாம் அதிகம் நறுக்குவது அங்கேதான். எல்லா இடமும் ஒன்றுபோல் மழுங்குவதில்லை என்பதையும் இந்தச் சோதனை காட்டிவிடும்.

சுருக்கமாக: கூர் என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோட்டின் மெல்லிமை. அந்தக் கோட்டில் வெளிச்சம் மின்னினால் கூர் போயிருக்கிறது.

## அழுத்துவது வேறு, இழுப்பது வேறு

மெல்லிய விளிம்பு ஏன் வெட்டுகிறது? கையின் பலம் எவ்வளவு சிறிய பரப்பில் குவிகிறதோ, அந்த இடத்தில் அழுத்தம் அவ்வளவு கூடும். விளிம்பின் அகலம் 1 மைக்ரானிலிருந்து 10 மைக்ரானாகப் பெருத்தால், அதே பலத்துக்கு அழுத்தம் பத்தில் ஒரு பங்காகிவிடும். தக்காளித் தோல் கிழிய ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வேண்டும். மழுங்கிய கத்தி அந்த அளவை எட்டுவதற்கு நாம் பலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம். தோல் கிழிவதற்கு முன்பே உள்ளே இருக்கும் சதை நசுங்கிவிடுகிறது.

பலரும் கவனிக்காதது கத்தியின் அசைவு. நேராகக் கீழே அழுத்துவதற்கும், அழுத்திக்கொண்டே முன்னோ பின்னோ இழுப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இழுக்கும்போது விளிம்பு, தொட்ட இடத்தைப் பக்கவாட்டில் இழுத்து விறைக்க வைக்கிறது. விறைத்த பொருளில் கீறல் விழ மிகக் குறைந்த அழுத்தமே போதும். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் அகர் ஜெல்லியை வைத்து இதை அளந்து காட்டினார்கள். மென்மையான பொருளை இழுத்து அறுப்பதற்கு வேண்டிய கீழ்நோக்கிய பலம், நேராக அழுத்தி வெட்டுவதற்கு வேண்டியதைவிடக் குறைவு.

காகிதம் விரலை அறுப்பதும் இப்படித்தான். காகித ஓரத்தில் விரலை நேராக வைத்து அழுத்தினால் ஒன்றும் ஆகாது, அது மடங்கிவிடும். ஓரம் விரலின் மேல் வழுக்கி ஓடினால்தான் ரத்தம் வருகிறது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 65 மைக்ரான் தடிமன் உள்ள காகிதம்தான் கையை மிக எளிதாக அறுக்கிறது என்பது அவர்கள் கண்டது. அதைவிட மெல்லியதாக இருந்தால் வளைந்துவிடுகிறது. தடிமன் கூடினால் பலம் பரவிவிடுகிறது. வெட்டுவதற்கு உலோகம்கூடத் தேவையில்லை, சரியான வடிவமும் அசைவும் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அரிவாள்மணையின் அருமையும் இங்கேதான் இருக்கிறது. அதில் அலகு நிற்கிறது, காய் நகர்கிறது. அலகு வளைந்திருப்பதால், இரண்டு கையாலும் பிடித்த வாழைக்காயை முன்னால் தள்ளும்போது அது வளைவை ஒட்டி வழுக்கிக்கொண்டுதான் போக முடியும். நேராக அழுத்த நினைத்தாலும் முடியாது. இழுத்து அறுக்கும் அசைவு அந்தக் கருவியின் வடிவத்திலேயே இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் மழுங்கிய அரிவாள்மணைகூடக் கீரையை ஒழுங்காக அரிகிறது, அதே அளவு மழுங்கிய கத்தி திணறுகிறது. வங்காளத்தில் போட்டி என்றும் மகாராஷ்டிரத்தில் விளி என்றும் இதே கருவி புழக்கத்தில் உண்டு. தரையில் உட்கார்ந்து சமைத்த காலத்தின் மிச்சம் என்று மட்டும் இதைப் பார்ப்பது நியாயமில்லை.

## சரிவின் கோணம்

கூரைக்கே திரும்புவோம். முகடு மெல்லியதாக இருந்தாலும் கூரையின் சரிவு செங்குத்தாகவும் இருக்கலாம், தட்டையாகவும் இருக்கலாம். கத்தியில் இந்தச் சரிவை ஒவ்வொரு பக்கத்துக்கும் கோணமாகச் சொல்வார்கள். ஜப்பானியச் சமையல் கத்திகளில் பக்கத்துக்கு 12 முதல் 15 டிகிரி வழக்கம். ஐரோப்பிய வகைக் கத்திகளில் 17 முதல் 20 டிகிரி. எலும்பு வெட்டும் கனமான கத்திகளிலும் கோடரிகளிலும் 25 டிகிரியும் அதற்கு மேலும் போகும்.

கோணம் குறையக் குறைய அலகு பொருளுக்குள் சுலபமாக நுழையும். ஆனால் விளிம்புக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்க உலோகம் குறைவாக இருப்பதால் சீக்கிரம் வளையும், உடையும். கறிக்கடையில் இருக்கும் வெட்டுக்கத்தியை 12 டிகிரிக்குத் தீட்டினால் முதல் எலும்பிலேயே பல் விழுந்துவிடும். அந்தக் கத்தியால் தக்காளி நறுக்க முடியவில்லை என்பது அதன் குறையும் அல்ல.

கேரட் வெட்டும்போது பாதியில் "டக்" என்று பிளந்துகொள்வதைக் கவனித்திருப்பீர்கள். அது வெட்டு அல்ல, பிளவு. விளிம்பு கூராக இருந்தும் மேலே அலகு தடித்திருப்பதால், உள்ளே போன கத்தி ஆப்பு போலக் கேரட்டை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. இந்தக் கத்தியை எவ்வளவு தீட்டினாலும் அந்தச் சத்தம் போகாது, விளிம்புக்கு மேலே தடித்திருக்கும் பகுதியைத் தேய்த்து மெலிய வைத்தால்தான் போகும். பல வருடங்கள் விளிம்பை மட்டும் தேய்த்து வந்த கத்திகள் இப்படி ஆகிவிடுகின்றன. அலகு கீழிருந்து தேய்ந்து தேய்ந்து, தடித்த பகுதியே விளிம்பாக வந்து நிற்கிறது.

## உலோகம் எங்கே வருகிறது

கூர் வடிவம் என்றால், உலோகத்துக்கு என்ன வேலை? வடிவத்தைக் காப்பாற்றுவது. அதற்கு இரண்டு குணங்கள் வேண்டும். அமுங்காமல், கீறல் விழாமல் இருக்கும் குணத்துக்குக் கடினம் என்று பெயர். அடி வாங்கினாலும் உடையாமல் இருக்கும் குணத்துக்கு உரம் என்று பெயர். கண்ணாடி மிகக் கடினமானது, ஆனால் உரம் இல்லை. செம்புக்கு உரம் உண்டு, கடினம் இல்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றது பெரும்பாலும் குறையும். கத்தி செய்பவரின் திறமை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

தூய இரும்பு மென்மையானது. அதில் கரி சேர்த்தால் உருக்கு. சமையல் கத்திக்கு நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை கரி போதும். கரி உருக்கை ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸுக்குச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று முக்கினால், மெதுவாக ஆறினால் வெளியேறியிருக்கக்கூடிய கரி அணுக்கள் இரும்புக்குள் சிக்கிக்கொள்கின்றன. உலோகம் விறைத்துக் கடினமாகிறது. கொல்லுப்பட்டறையில் இதைத் துவைச்சல் என்பார்கள். இந்த நிலையில் விட்டால் கத்தி கண்ணாடிபோல் உடையும். அதனால் 200 டிகிரி அளவுக்கு மறுபடி இளஞ்சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். கொஞ்சம் கடினத்தைக் கொடுத்து நிறைய உரத்தை வாங்கும் வேலை அது.

கத்திகளின் பெட்டியில் 56, 58, 61 என்று போட்டிருப்பது ராக்வெல் எண். வைரக் கூம்பை 150 கிலோ பாரத்தில் உலோகத்தின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்த்துச் சொல்லும் கடின அளவு அது. ஐரோப்பிய வகைக் கத்திகள் 56 முதல் 58 வரை இருக்கும், ஜப்பானியக் கத்திகள் பல 60ஐத் தாண்டும். 60ஐத் தாண்டிய கத்தியில் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் மாங்கொட்டையில் மாட்டித் திருகினால் விளிம்பு சில்லுச் சில்லாக உடையும். எண் பெரியதாக இருப்பதாலேயே நல்ல கத்தி என்று முடிவு கட்டக்கூடாது. உங்கள் வீட்டில் கத்தி எப்படிப் புழங்குகிறது என்பதுதான் கணக்கு.

இப்போது பாட்டியின் இரும்புக் கத்திக்கு வருவோம். துருப்பிடிக்காத உருக்கில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். குரோமியம் காற்றுப்பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கி இரும்பைக் காக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல் இப்படிப்பட்ட உருக்கை வார்த்தபோது, அவர் தேடியது துப்பாக்கிக் குழல் அரிக்காமல் இருக்க ஒரு வழி. அந்த ஊர் கத்திக்குப் பெயர் போனது என்பதால் சீக்கிரமே கத்தியும் செய்து பார்த்தார்கள். முதலில் செய்தவை சரியாக வெட்டவில்லை. பிரியர்லிக்கு "வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்" என்ற கேலிப்பெயர்கூட வந்தது. இந்த உருக்கைக் கரி உருக்கைப் போலவே காய்ச்சி முக்கினால் போதாது, இன்னும் அதிகச் சூடு வேண்டும் என்பது பிறகுதான் பட்டறைகளுக்குப் பழகியது. அன்று ஒட்டிய கெட்ட பெயர் நூறு வருடம் தாண்டியும் நம் வீட்டுப் பேச்சில் இருக்கிறது.

இன்றைய நல்ல ஸ்டெயின்லெஸ் கத்தி, கரி உருக்குக் கத்திக்குக் கூரில் குறைந்ததல்ல. பாட்டியின் கத்தி நன்றாக வெட்டியதற்குக் காரணங்கள் வேறு. அதன் அலகு மெல்லியது. கரி உருக்கு கல்லில் சுலபமாகத் தேயும், அதனால் தீட்டுவது எளிது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டி அதை அடிக்கடி தீட்டினார்.

வாங்கும்போது பயன்படும் ஒரு சோதனை உண்டு. காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள். காய்ச்சி முக்கிக் கடினமாக்கக்கூடிய ஸ்டெயின்லெஸ் உருக்கில் காந்தம் பிடிக்கும். நல்ல எவர்சில்வர் டம்ளரில் பெரும்பாலும் பிடிக்காது, ஏனென்றால் அதில் நிக்கலும் சேர்ந்திருக்கிறது, அந்த வகையை முக்கிக் கடினமாக்க முடியாது. காந்தம் ஒட்டாத உருக்கில் செய்த கத்தி என்றால் வாங்க வேண்டாம். ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்றும் ஆகிவிடாது. முதல் வடிகட்டல் அவ்வளவுதான்.

சுருக்கமாக: கத்திக்குக் கூர் கொடுப்பது தீட்டுபவரின் கை, அதைக் காப்பது உருக்கு. விலை உயர்ந்த உருக்கும் தீட்டாவிட்டால் மழுங்கும்.

## கூர் எப்படிப் போகிறது

கத்தி மழுங்குவதில் குறைந்தது நான்கு விதம் உண்டு. விளிம்பு ஒரு பக்கமாக மடிந்துகொள்வது, மென்மையான உருக்கில் இதுதான் அதிகம். கடினமான உருக்கில் சின்னச் சின்னச் சில்லுகள் பெயர்வது. உரசி உரசி முகடு உருண்டுபோவது. எலுமிச்சை, புளி, மாங்காய் போன்றவற்றின் அமிலம் விளிம்பை அரிப்பது. புளிப்பானதை நறுக்கிவிட்டுக் கழுவாமல் சிங்க்கில் போட்டு வைத்த கத்தி மறுநாள் மொக்கையாக இருப்பதற்கு இந்த அரிப்பும் ஒரு காரணம்.

மென்மையான பொருளை வெட்டினால் கத்திக்கு ஒன்றும் ஆகாது என்பதும் சரியல்ல. முடி, உருக்கைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் சவர பிளேடு மழுங்குகிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்தே முடியை வெட்டிப் பார்த்து, 2020இல் காரணத்தைச் சொன்னார்கள். முடி வளைந்து சாய்வாகப் படும்போது, விளிம்பில் ஏற்கெனவே சின்னக் குறை உள்ள இடத்தில் விசை குவிந்து சில்லு பெயர்கிறது. விளிம்பு வெறுமனே தேய்ந்து உருளுவது அங்கே இரண்டாம்பட்சம். கத்தியை வெட்டுக்கு நடுவில் பக்கவாட்டில் திருகக்கூடாது என்று சொல்வதும் இதே போன்ற காரணத்தால்தான்.

உண்மையில் நம் கத்திகளைக் கெடுப்பது காய்கறியைவிடக் காய்க்கு அடியில் இருப்பதுதான். எவர்சில்வர் தட்டு, பீங்கான் தட்டு, கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் கத்தி உருக்கைவிடக் கடினமானது. வெங்காயத்தைக் கடந்து விளிம்பு அதில் மோதும் ஒவ்வொரு முறையும் முகடு நசுங்குகிறது. கறிக்கடையில் புளியமரக் கட்டையை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தால் விளங்கும். அடியைத் தாங்கும், ஆனால் விளிம்புக்கு இடம் கொடுக்கும். மரப்பலகையோ கெட்டியான பிளாஸ்டிக் பலகையோ ஒன்று வாங்குவது, புதுக் கத்தி வாங்குவதைவிட மேலானது என்பது என் உறுதியான எண்ணம். காயை நறுக்கியதும் கூர்ப்பக்கத்தாலேயே பலகையைச் சுரண்டி அள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளினால் போதும்.

## சாணைக்கல்லில் நடப்பது என்ன

தீட்டுவது என்றால் கத்திக்கு எதையோ சேர்ப்பது என்று பலர் மனதில் ஒரு படம் இருக்கிறது. நடப்பது நேரெதிர். முகடு உருண்டுபோன கூரையின் இரண்டு சரிவுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் அவை புதிய கோட்டில் சந்திக்கும். அதுதான் புதுக்கூர்.

சீவுவதற்குக் கத்தியைவிடக் கடினமான துகள் வேண்டும். கடையில் கிடைக்கும் கறுப்புச் சாணைக்கல்லில் இருப்பது சிலிக்கன் கார்பைடு. 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டு, கார்போரண்டம் என்ற பெயரில் உலகெங்கும் போனது. இன்னொரு வகைக் கல்லில் அலுமினியம் ஆக்சைடு இருக்கும், குருந்தக்கல் என்று நாம் சொல்வதும் அதுதான். இரண்டும் உருக்கைவிட வெகு கடினம். இவை வருவதற்கு வெகு காலம் முன்பே நம் ஊர்களில் தீட்டுமரம் இருந்தது. வெங்கச்சங்கல்லை இடித்துச் சலித்த பொடியை மரக்கட்டையின் மேல் தூவி அரிவாளைத் தீட்டுவார்கள். வெங்கச்சங்கல் என்பது குவார்ட்ஸ். "தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது" என்ற பழமொழி பிறந்தது அந்தக் கட்டையில்தான்.

மேடைக் கல்லில் மோதினால் கத்தி மழுங்குகிறது, அம்மிக்கல் ஓரத்தில் தேய்த்தால் கூராகிறது. ஒரே மாதிரிக் கல் இரண்டையும் எப்படிச் செய்கிறது? கல் எங்கே படுகிறது என்பதுதான் வித்தியாசம். மோதும்போது முகடு நேராகக் கல்லில் படுகிறது. தேய்க்கும்போது சரிவு படுகிறது.

கல்லின் மேல் போட்டிருக்கும் 400, 1000, 3000 என்ற எண் கிரிட். துகளின் பருமனைச் சொல்வது. எண் கூடினால் துகள் நுண்மையாகும். 1000 கிரிட் கல்லில் துகள் ஏறக்குறைய 15 மைக்ரான். வீட்டுக் கத்திக்கு அந்த ஒன்று போதும். விளிம்பில் சில்லு விழுந்திருந்தால் மட்டும் 400 போன்ற சொரசொரப்பான கல் வேண்டும். 6000, 8000 எல்லாம் ஆர்வம் இருப்பவர்களுக்கு.

செய்முறை இப்படி. கல்லைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியின் மேல் ஆடாமல் வையுங்கள். கத்தியைக் கல்லில் படுக்க வைத்து முதுகை மட்டும் சற்று உயர்த்துங்கள். நாலரை சென்டிமீட்டர் அகலமுள்ள அலகுக்கு 15 டிகிரி வேண்டுமானால் முதுகு ஏறக்குறைய 1.2 சென்டிமீட்டர் உயர வேண்டும். சுண்டுவிரலை அடியில் வைத்துப் பார்த்து அந்த உயரத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ளலாம். பிறகு அந்த உயரம் மாறாமல், மற்ற கையின் விரல்களை விளிம்புக்கு மேலே அலகில் லேசாக ஊன்றி, முன்னும் பின்னும் தேயுங்கள். கோணம் சரியாக 15ஆ 17ஆ என்பது முக்கியமில்லை. ஒவ்வொரு தேய்ப்பிலும் அது ஆடாமல் இருப்பதுதான் முக்கியம். ஆடினால் முகடு மறுபடி உருளும்.

எப்போது நிறுத்துவது? தீட்டத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசமே இந்தக் கேள்விதான். ஒரு பக்கச் சரிவு முகடு வரை சீவப்பட்டதும், உச்சியில் இருக்கும் மிக மெல்லிய உலோகம் தாங்க முடியாமல் எதிர்ப்பக்கமாக மடிந்து நிற்கும். இந்த மடிப்புக்குப் பிசிர் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். கல்லில் படாத பக்கத்தில், முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே போகும்படி கட்டைவிரலை மெதுவாக வழுக்குங்கள். விளிம்பின் நெடுகே விரலை ஓட்டக்கூடாது. பிசிர் இருந்தால் ஓரத்தில் நகத்தில் ஏதோ தட்டுவதுபோல் சிக்கும். அடிப்பகுதி முதல் நுனி வரை எல்லா இடத்திலும் அது சிக்கும்வரை அந்தப் பக்கத்தை விடாதீர்கள். முதல் முறை இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகலாம். பிறகு கத்தியைத் திருப்பி மறுபக்கத்தையும் அப்படியே செய்யுங்கள். கடைசியில் அழுத்தமே இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிரை எடுத்துவிட வேண்டும். அதை எடுக்காமல் விட்டால் அன்று அபாரமாக வெட்டும், இரண்டு நாளில் பிசிர் மடிந்து பழையபடி ஆகிவிடும். "வீட்டில் தீட்டினால் கூர் நிற்பதில்லை" என்று சொல்பவர்களிடம் பெரும்பாலும் குறைவது இந்தக் கடைசி ஒரு நிமிடம்தான்.

ஹோட்டல் சமையல்காரர்கள் கத்தியை உரசும் நீளமான உருக்குக் கம்பி வேறு வேலைக்கு. மடிந்த விளிம்பை நிமிர்த்தி ஒழுங்குபடுத்துவதுதான் அதன் முக்கிய வேலை, உலோகத்தை மிகக் கொஞ்சமே எடுக்கும். சவரக்கத்தியைத் தோல்வாரில் இழுப்பதும் ஏறக்குறைய இந்த வகை. முகடு உருண்டுபோன கத்தியைக் கம்பியில் எவ்வளவு உரசினாலும் பயனில்லை, கல்லுக்குத்தான் போக வேண்டும்.

தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா? தாராளமாக. சில்லு விழுந்த கத்திக்கும் அரிவாள்மணைக்கும் அவர் சக்கரம்தான் சரி. பார்க்க வேண்டியது சூடு ஒன்றே. சக்கரத்தில் பறக்கும் பொறி, சீவப்பட்ட இரும்புத் துகள் எரிவது. விளிம்பு மிக மெல்லியது என்பதால் சட்டென்று சூடேறும். ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டால் ஓரம் நீலமாக மாறும். அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அங்கே இனி கூர் வரும், நிற்காது. "அண்ணே, அவசரமில்ல, அப்பப்ப தண்ணி தொட்டுப் புடிச்சுக் குடுங்க" என்று சொன்னால் போதும். தொழில் தெரிந்தவர்கள் சொல்லாமலேயே பக்கத்தில் தண்ணீர் வைத்திருப்பார்கள்.

சுருக்கமாக: சரிவுகளைச் சீவி, பிசிர் வரவழைத்து, பிசிரை எடுப்பது. இந்த மூன்றும் நடந்தால் எந்தக் கல்லிலும் கூர் வரும்.

## பல் வைத்த கத்தி

ரொட்டிக் கத்தி பல வருடம் தீட்டாமலேயே ஓடுவதற்குக் காரணம், பலகையில் மோதுவது பற்களின் நுனி மட்டுமே. இடையில் இருக்கும் பள்ளங்களின் கூர் பத்திரமாக இருக்கிறது. நெல் அறுக்கும் கருக்கரிவாளின் தத்துவமும் அதுவே. தாளைப் பிடித்து இழுக்கும்போது பற்கள் ஒவ்வொன்றாகக் கவ்வி அறுக்கின்றன. மேலே கெட்டித் தோல், உள்ளே மென்மை என்று இருப்பவற்றுக்குப் பல் கத்தி நல்லது. வெங்காயத்தைப் பொடியாக நறுக்க அது உதவாது, கிழித்து வைக்கும்.

## மொக்கைக் கத்திதான் பாதுகாப்பா?

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், கையை வெட்டிக்கொள்வோம் என்று கத்தியை வேண்டுமென்றே மழுங்க விடுபவர்கள் உண்டு. பயம் நியாயமானதுதான். ஆனால் மொக்கைக் கத்தி தோலில் பிடிக்காமல் வழுக்குகிறது, நாம் கூடுதல் பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும்போதே வழுக்குகிறது. காயில் நுழையாத அந்தக் கத்தி, அவ்வளவு பலத்தோடு விரலில் இறங்கினால் தாராளமாக வெட்டும், காயமும் பிய்ந்ததுபோல் இருக்கும். கத்தியைக் கூராக வைத்துக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதுதான் சரி. ஸ்பூன்களோடு ஒரே டப்பாவில் போடாமல் உறையில் வைத்தால் விளிம்பும் தப்பும், கையும் தப்பும்.

வெங்காயமும் இதையே சொல்கிறது. கண்ணை எரிய வைக்கும் பொருள் வெங்காயச் சாற்றிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதிவேகக் கேமராவால் படம் பிடித்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், மழுங்கிய கத்தி வெங்காயத்தோலை முதலில் அமுக்கி, உள்ளே அழுத்தம் ஏறிய பிறகே உடைக்கிறது என்று தெரிந்தது. அப்போது சாறு நுண்துளிகளாகப் பீய்ச்சி அடிக்கிறது. கூரான கத்தியால் நிதானமாக நறுக்கினால் துளிகளும் குறைவு, அவை தெறிக்கும் வேகமும் குறைவு.

தீட்டிய பிறகு கூர் வந்ததா என்று விரலில் வைத்துப் பார்க்க வேண்டாம். செய்தித்தாளின் ஒரு தாளை ஒரு கையில் தொங்கவிட்டு, மேல் ஓரத்தில் கத்தியை வைத்து அடியிலிருந்து நுனி வரை இழுத்துக்கொண்டே இறக்குங்கள். தடையில்லாமல் போனால் முடிந்தது. ஓரிடத்தில் சிக்கிக் கிழித்தால், கத்தியின் அந்த இடத்தில் பிசிர் மிச்சமிருக்கிறது அல்லது சரிவுகள் இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை. மறுபடி டியூப்லைட்டில் பார்த்து, மின்னும் அந்த ஒரு விரற்கடை நீளத்தை மட்டும் கல்லில் போட்டால் போதும், முழுக் கத்தியையும் திரும்பத் தேய்க்க வேண்டியதில்லை.